லால்பாக் பாறையில் முப்பது தப்படி

1

நாற்பது நிமிஷ நேரம் என் பெண் யாரோடு இருந்தாள்?

ஒரு வருஷமாக இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்தவள் என் பெண் ஒருத்திதான். அப்போது அவளுக்கு நாலு வயது. இப்போது ஐந்து. கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு பதில் சொல்கிறாள்.

அயலூரில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளை இந்தப் பத்திரிகையில் தவறாமல் படிக்கிறேன். கப்பலேறிப் போனவர்கள், பனியில் நடப்பவர்கள் எழுதுகிறார்கள். நான் இருப்பது பெங்களூர். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பகல்கூட ஆகாது. இதையும் அயலூர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று யோசித்து இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன். இன்னும் தெருவில் யாராவது வேகமாக ஏதாவது கேட்டால் முதலில் பயம்தான் வருகிறது. பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது.

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை. அல்சூரில் ஒரு முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனங்கள் உள்ள இடத்தில் எங்களுக்கு ஒன்றரை அறை. எட்டில் நாலு வீட்டில் கன்னடம், மூன்றில் தமிழ், ஒன்றில் தெலுங்கு. என் பெண் மீனாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவாள், அந்த வீட்டுப் பேச்சைப் பேசுவாள். அங்கிருக்கும் எல்லாப் பெண்களும் அவளுக்கு அத்தைதான். இதைப் பார்த்து ஒரு காலத்தில் நான் பெருமைப்பட்டேன்.

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பெண்கள் பகுதியைப் படிப்பதில்லை. இருந்தாலும் மாற்றியிருக்கிறேன்.

2

பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு வருஷத்தில் நாலு தடவையாவது ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். குளிருக்காக வருவார்கள், பட்டுக்காக வருவார்கள், சும்மாவும் வருவார்கள். "பெங்களூரைப் பார்க்கணும்" என்பார்கள். மாதக் கடைசியாக இருந்தாலும் காட்டித்தான் ஆகவேண்டும். அதற்கு எங்களைப் போன்றவர்களிடம் ஒரு சுற்று இருக்கிறது. எங்கும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

முதல் நாள் சாயங்காலம் பக்கத்தில் இருக்கும் அல்சூர் ஏரி. ரயில் களைப்புக்கு அது போதும். மறுநாள் விதான சௌதாவை வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பது, எதிரே கப்பன் பார்க், பேண்டு வாசிக்கும் நாளாக இருந்தால் புல்லில் உட்கார்ந்து அதைக் கேட்பது. அதற்கடுத்த நாள் பசவனகுடி பெரிய நந்தி. அங்கே தட்டில் போடுவது அவரவர் விருப்பம். வாங்காமல் பார்ப்பதற்குக் கமர்ஷியல் தெரு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லால்பாக். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் ஒரு பகல் கழிந்துவிடும். பூச்செடிகள், கண்ணாடி மாளிகை, ஏரி, அப்புறம் அந்தப் பெரிய பாறை. பாறை மேல் ஒரு சின்ன மண்டபம். அங்கிருந்து பார்த்தால் ஊரே தெரியும். இதுவரை வந்தவர்களில் லால்பாக் பிடிக்கவில்லை என்று சொன்னவர் இல்லை.

வரப்போகிறவர்களுக்கு இது உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன். கூடவே இன்னொன்றும் எழுத வேண்டும். சீட்டுக் கிழிக்கிற இடத்தில், உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். காசு கேட்காத இடத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. யார் வந்தார், யார் போனார், யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார் என்று பார்க்க ஆள் இல்லை. எனக்கு இது தோன்றியது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான்.

3

போன வருஷம் தை மாதம் வேலூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவரும், பெண் வசந்தாவும் கூட வந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் வசந்தா. அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் வேலூரில் மூன்று வீடுகளில் விபூதி எடுப்பார்கள். அந்தப் பெண் என் வீட்டில் ஐந்து நாள் இருக்கப் போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். முற்றத்தில் பாசி படிந்த இடத்தில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் பக்கத்திலும் இருக்கலாம். தேர், திருவிழா என்று இரண்டு குடும்பம் சேர்ந்து வெளியே போனால் குழந்தைகளை மாற்றிப் பிடித்துக்கொள்வோம். என் குழந்தையின் கை உங்களிடம், உங்கள் குழந்தையின் கை என்னிடம். தன் தாய் பிடித்தால் குழந்தை திமிறும், அடம் பிடிக்கும், மற்றவரிடம் அடங்கி வரும் என்பது ஒரு காரணம். அடுத்தவர் பிள்ளை என்றால் நம் பிடியும் தளராது. அதிலும் வீட்டுக்கு வந்தவர் குழந்தையை நாம் பிடிப்பதுதான் மரியாதை. என் அம்மா அப்படித்தான் செய்வார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அதைக் கேள்வி கேட்கத் தோன்றியதே இல்லை.

அன்று காலையில் வசந்தா தன் சட்டை மேல் காப்பியைக் கொட்டிக்கொண்டாள். மீனாவின் தீபாவளிப் பாவாடை சட்டையை எடுத்து அவளுக்குப் போட்டேன். அவள் தலையை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டினேன். புளிச்சோறும் கிளற வேண்டியிருந்தது. மீனாவுக்குக் கையில் கிடைத்ததை மாட்டி, தலைமயிரைச் சேர்த்து ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டதோடு சரி. என் வீட்டுக்காரருக்கு அன்று ஓவர்டைம். நாங்கள் ஐந்து பேரும் இரண்டு பஸ் மாறி லால்பாக் போய்ச் சேர்ந்தோம்.

நல்ல வெயில். நல்ல கூட்டம். சாப்பிட்ட பிறகு பாறைக்கு ஏறினோம். வசந்தாவின் கை என் கையில். மீனாவின் கை அண்ணியிடம். பாதி தூரத்தில் அண்ணி நின்றுவிட்டார்.

"எனக்குக் கிறுகிறுன்னு வருது சரோஜா. நான் இங்கயே குந்திக்கறேன். நீ வசந்தாவுக்கு மண்டபத்தக் காட்டிட்டு வா."

"மீனா?"

"அவ என்கிட்டதானே இருக்கறா. நீ போ."

அண்ணா, அதாவது அண்ணியின் கணவர், கீழேயே மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டிருந்தார். நான் வசந்தாவோடு மேலே போனேன். மண்டபத்தின் பக்கத்தில் நின்று, அதோ அங்கே விதான சௌதா, இதோ இங்கே ஏரி என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். பாறை விளிம்புக்கு அவள் போய்விடக் கூடாதே என்று அவள் மணிக்கட்டைச் சிவக்கும் அளவுக்குப் பிடித்திருந்தேன்.

கீழே மீனா, அம்மாவிடம் போகவேண்டும் என்று சிணுங்கியிருக்கிறாள். "தோ நிக்கறா பாரு உங்கம்மா, போ" என்று அண்ணி கையை விட்டிருக்கிறார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் முப்பது தப்படி. பிறகு போய் அளந்து பார்த்தேன். நடுவில் பள்ளமில்லை, மரமில்லை. வெறும் பாறை. அந்த முப்பது தப்படியில் என் பெண் எனக்கு முதுகுப்புறமாக வந்துகொண்டிருந்தாள். என்னிடம் வந்து சேரவில்லை.

4

நான் இறங்கி வந்தபோது அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"மீனா எங்க?" என்று இருவரும் கேட்டோம்.

முதல் ஐந்து நிமிஷம் நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவ்வளவு பேர் நடுவில் கத்துவதற்குக் கூச்சமாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அதன் பிறகு கத்தினேன். அண்ணா எழுந்து ஏரிப் பக்கம் ஓடினார். அவர் ஏன் முதலில் ஏரிக்குப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அவர் தனியாகத் திரும்பி வந்தார். எல்லோருமாக வாசலுக்கு ஓடினோம். அங்கே ஒரு சிறிய அறையில் காவல்காரர் ஒருவர் இருந்தார். வயதானவர், காக்கிக் கோட்டு. குழந்தை தொலைந்தால் எழுதுவதற்குத் தனியாகப் புத்தகம் இல்லை. குடை, பை, செருப்பு விட்டுப்போனால் எழுதும் நோட்டை எடுத்தார். ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே கோடு போட்டு, மீனாவின் பெயரை எழுதினார்.

"அளபேடம்மா, சிகுத்தே" என்றார். அழாதே, கிடைத்துவிடும் என்று அர்த்தம். "பட்டெ யாவ பண்ண?"

உடுப்பு என்ன நிறம் என்று கேட்கிறார். "பச்சைப் பாவாடை, மாம்பழக் கலர் கரை" என்றேன். தமிழில் சொல்லி, கன்னடத்தில் சொல்லி, கையாலும் கரையைக் காட்டினேன்.

அவர் எழுதாமல் பேனாவால் என் பக்கத்தில் காட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பாவாடையும் மாம்பழக் கரையுமாக வசந்தா நின்றிருந்தாள்.

அப்படியானால் மீனா என்ன போட்டிருந்தாள்? எனக்குத் தெரியவில்லை. காலையில் நான்தான் போட்டுவிட்டேன். கண்ணை மூடிப் பார்த்தேன். வசந்தாவின் ரிப்பன்தான் தெரிந்தது.

"வெள்ளைக் கவுன்மா. நீலப் பூ போட்டது. தோள்ல பட்டன் ஒண்ணு இல்ல" என்றார் அண்ணா, மூச்சு வாங்கிக்கொண்டே.

காவல்காரர் அதை எழுதினார். தகப்பன் பெயர், தொழில், விலாசம் எல்லாம் கேட்டார். அப்புறம் "ஊரு யாவுது?" என்றார். வேலூர் என்றேன். எங்கே கேட்டாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் எழுதி முடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீனாவை யாராவது உன் ஊர் எது என்று கேட்டால் அவள் வேலூர் என்று சொல்லமாட்டாள். வேலூர் அவளுக்கு ரயிலில் போகும் ஓர் இடம். அல்சூர் என்றுதான் சொல்லுவாள், அதுவும் கன்னடத்துக்காரர்கள் சொல்கிற மாதிரி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், இந்தப் பெண் வேறு யாருடையதோ என்று விட்டுவிடமாட்டார்களா? வேலூரை அடித்துவிட்டு அல்சூர் என்று எழுதுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அடித்து எழுதினார்.

"கண்ணாடி மனெ கடெ நோடி" என்றார். கண்ணாடி மாளிகைப் பக்கம் பாருங்கள், குழந்தைகள் அங்கேதான் போகும் என்றார்.

5

கண்ணாடி மாளிகைக்குப் போகும் வழியில் ஒரு கல் பெஞ்சு. அண்ணி கையை விட்டு நாற்பது நிமிஷம் கழித்து, அதில் காலை ஆட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள் மீனா. அழுத அடையாளமே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

ஓடிப் போய்த் தூக்கினேன். என் கை அவள் தலையில் பட்டது. தலை வாரியிருந்தது.

காலையில் நான் போட்ட ரப்பர் வளையம் இல்லை. நடு வகிடு எடுத்து, படிய வாரி, ஒரே பின்னலாகப் பின்னியிருந்தது. எனக்குத் தெரிந்த மூன்று கால் பின்னல் இல்லை. நாலு கால் எடுத்துக் கயிறு முறுக்கின மாதிரி, சதுரமாக, இறுக்கமாக ஒரு பின்னல். நுனியில் வெள்ளை நூல். மேலே ஒரு முழம் கனகாம்பரம், வாடாமல்.

"யாரும்மா பின்னினாங்க?"

"அத்தை."

"எந்த அத்தை?"

"அத்தை."

சுற்றிலும் பார்த்தேன். நூறு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் எங்களைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். அப்படிப் பின்னுவதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். பூங்காவுக்குச் சீப்பு கொண்டுவருகிற பெண் யார்? அவள் ஏன் நிற்கவில்லை? கொண்டுபோக நினைத்தவள் பின்னிப் பூ வைத்தாளா, அல்லது கொண்டுவந்து விட நினைத்தவளா? கொண்டுபோக நினைத்து, கடைசியில் மனம் மாறினாளா? நல்லவளாக இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. வாராத தலையும் பட்டன் இல்லாத கவுனுமாக என் பெண்ணைப் பார்த்து, இது தாயில்லாத குழந்தை என்று அவள் நினைத்திருப்பாள். நாலு தடவை பஸ்ஸில் அழுதிருக்கிறேன், இதை நினைத்து.

திரும்பும் வழியில் அண்ணி என் முழங்கையைத் தொட்டார்.

"தம்பிகிட்ட இதச் சொல்லாத சரோஜா. கெடச்சிட்டாளே, அது போதும். அவன் கோவக்காரன். உன்னையும் திட்டுவான், என்னையும் திட்டுவான்."

"எப்படிச் சொல்லாம இருக்கறது அண்ணி?"

"வாயத் தொறக்காம இருக்கறது. அவ்ளோதான்."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். மீனாவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "அட, யாரு இப்படிப் பின்னினது? ராஜாத்தி மாதிரி இருக்கறாளே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "நான்தான்டா."

6

அதற்குப் பிறகு மீனாவை நான் முற்றத்தில் விடுவதில்லை. கதவுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டு வைக்கிறேன். எதிர்வீட்டு அம்மா, "ஏன் சரோஜம்மா, நம்ம மேல ஏதாச்சும் கோபமா? மகு நம்ம மனெக்கு வரதே இல்ல?" என்று கேட்டார். குழந்தைக்குச் சளி என்றேன். எத்தனை மாதம் சளி இருக்கும்? மீனா பெஞ்சின் மேல் ஏறி நின்று எதிர்வீட்டைப் பார்த்து அழுகிறாள். என் மேல் கோபம் வந்தால் என்னிடமே கன்னடத்தில் பேசுகிறாள். முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் தமிழுக்கு வந்துவிடுவாள்.

"அன்னிக்கு உனக்குப் பூ வெச்சது யாரு?" என்று நானும் விடாமல் கேட்கிறேன். ஒரு நாள் அத்தை என்கிறாள். ஒரு நாள் இரண்டு அக்கா என்கிறாள். ஒரு நாள் வெள்ளை நாய் இருந்தது என்றாள். கேட்டுக் கேட்டு நானே அவள் ஞாபகத்தை அழித்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

வெளியே போனால் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, பின்னல்களைப் பார்க்கிறேன். ஆவணி மாதம் மார்க்கெட் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி. அவள் முதுகில் அதே பின்னல். நாலு கால், சதுரம், நுனியில் நூல். பக்கத்தில் அவள் அம்மா, ஒல்லியான பெண், நீலப் புடவை. மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் இறங்கிய இடத்தில் நானும் இறங்கிவிட்டேன். அது எனக்குத் தெரியாத தெரு. அவர்கள் திரும்பினார்கள், நானும் திரும்பினேன். அந்தப் பெண்மணி நின்றார்.

"ஏனம்மா பேக்கு நிமகெ?"

என்ன வேண்டும் என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த கன்னடமெல்லாம் போய்விட்டது. அவர் பெண்ணின் தலையைத் தொட்டுக் காட்டி, "இது யார் பின்னினது?" என்று தமிழில் கேட்டேன். நான் தொட்டதும் அவர் தன் பெண்ணை இழுத்துத் தன் புடவைக்குள் அணைத்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்ததை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வேகமாக நடந்து ஒரு கதவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மீனாவிடம், "இவங்களா? இவங்களா?" என்று கேட்டேன். அவள் என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

அந்தத் தெருவில் இன்று ஒரு தாய், தன் பெண் பின்னலைத் தொட்ட அந்நியப் பெண்ணை நினைத்துப் பயந்துகொண்டிருப்பார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

7

போன வாரம் வேலூரிலிருந்து கடிதம் வந்தது. வசந்தாவுக்குப் பள்ளிக்கூட லீவாம். இந்தத் தடவை அண்ணியின் ஓரகத்தியும் அவர் பிள்ளைகள் இருவரும் கூட வருகிறார்கள். "லால்பாக்கைத்தான் எல்லாரும் பார்க்கணும்னு சொல்றாங்க, சரோஜாவுக்கு எல்லா இடமும் நல்லாத் தெரியும்" என்று எழுதியிருக்கிறார். என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"நல்லதாப் போச்சு. அக்கா வந்ததும் மீனாவுக்கு அந்தப் பின்னல் போடச் சொல்லணும். ஒரு வருஷமாக் கேக்கறேன், உனக்குத்தான் வரமாட்டேங்குது" என்றார்.

அண்ணிக்கு நாலு கால் பின்னல் தெரியாது. அவர்கள் வருவதற்கு முன்பே இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், அக்கா பொய் சொன்னாள், நீயும் ஒரு வருஷமாக மறைத்தாய் என்பார். அவர் கோபத்தைவிட, அதற்குப் பிறகு குழந்தையை என்னிடம் நம்பி விடாமல் போய்விடுவாரோ என்றுதான் பயம். சொல்லாவிட்டால் அவராகவே தெரிந்துகொள்வார். அப்போது நான் இன்னும் கெட்டவளாகத் தெரிவேன். எது சரி என்று ஒரு நாளைக்குப் பத்து முறை தீர்மானித்து, பத்து முறை மாற்றுகிறேன்.

வரப்போவது மூன்று குழந்தைகள். எனக்கு இரண்டு கைதான். இந்தத் தடவை என் பெண்ணின் கையை நானே பிடிக்க வேண்டும் என்று இருக்கிறது. "உங்கள் குழந்தைகளை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுக்கு வந்த நாத்தனாரிடமும் அவர் ஓரகத்தியிடமும் ஒரு மருமகள் எப்படிச் சொல்வது? கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் மரியாதை கெட்ட மாதிரிதான் இருக்கிறது. வரவேண்டாம் என்று எழுதுவதோ முடியாத காரியம்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும் சகோதரிகளில் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள் இருப்பீர்கள். இரண்டு விஷயத்துக்கு யோசனை சொல்லுங்கள். ஒரு வருஷம் மறைத்ததைக் கணவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? வந்தவர் மனம் நோகாமல் என் பெண்ணின் கையை நான் எப்படிப் பிடிப்பது? இது அச்சாகும்போது அவர்கள் வந்து போயிருக்கலாம். ஆனாலும் எழுதுங்கள். பெங்களூருக்கு ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.